விரைவு தந்த வித்தகர்

பிறந்த மண்ணை விட்டு வடபுலம் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் கதையைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போமாயின், அவற்றுள் பலவற்றின் தொடக்கத்தில் ஒரு தகரப் பெட்டியும், அப்பெட்டியின் அடியில் பத்திரமாக மடித்து வைத்த ஒரு சான்றிதழும் இருக்கக் காண்போம். தட்டச்சில் லோயர், ஹையர் என்று நம் வழக்கில் வழங்கும் தேர்வுகளில் தேறியமைக்கான சான்றிதழ் அது. நிலமோ பொருளோ பரிந்துரையோ இல்லாத எத்தனையோ இளைஞர்களுக்கு, அந்த ஒற்றைத் தாளே டில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் பயணச் சீட்டாக அமைந்தது. நம் காலனியில் இன்று மாடி வீடுகளில் வாழும் குடும்பங்கள் பலவற்றுக்கு அடித்தளம் இட்டவை, தந்தையரும் பாட்டனாரும் நாள்தோறும் தட்டிய அந்த எழுத்துப் பொத்தான்களே என்று கூறின் அது மிகையாகாது.

நமக்குச் சோறிட்ட அக்கருவியைப் படைத்தவர் யார்? அவர் எத்தகைய வாழ்வு வாழ்ந்தார்? அதனால் அவர் பெற்றது என்ன? இவற்றை நம் இளைஞர் அறிந்திருத்தல் நன்று எனக் கருதி, கிறிஸ்டோபர் லாதம் ஷோல்ஸ் என்னும் அமெரிக்கப் பெரியாரின் வரலாற்றை இம்மலரில் சுருக்கமாகக் கூற முற்படுகின்றோம்.

அச்சுக்கூடத்தில் வளர்ந்த இளமை

ஷோல்ஸ் 1819-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 14-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தில் மூர்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே அண்மையிலிருந்த டான்வில் நகரில் ஓர் அச்சுக்கூடத்தில் தொழில் பயிலச் சேர்ந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கும் அவ்வேலை, எழுத்துகளின் இடம் அறிந்து கை செல்ல வேண்டும் என்னும் பாடத்தை அவருக்கு முதலில் கற்பித்திருக்க வேண்டும். 1837-இல் அவர் மேற்கே குடிபெயர்ந்து விஸ்கான்சின் பகுதிக்குச் சென்றார். அவரும் நம்மைப் போலவே பிழைப்பைத் தேடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவரே.

அங்கே அவர் பத்திரிகை ஆசிரியரானார். பின்னர்க் கெனோஷா என்று பெயர் பெற்ற சவுத்போர்ட் நகரில் ஒரு வார இதழை நடத்தினார். மாநிலச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக வீற்றிருந்தார். 1851-இல் அவ்வூரில் ஒரு கொலைக் குற்றவாளி மக்கள் திரளின் முன்னே தூக்கிலிடப்பட்டான். அக்கொடுங்காட்சி ஷோல்ஸின் உள்ளத்தை உலுக்கியது. மரண தண்டனையை ஒழிக்க வேண்டுமெனத் தம் இதழிலும் மன்றத்திலும் அவர் ஓயாது வாதாடினார். 1853-இல் விஸ்கான்சின் அத்தண்டனையைச் சட்டத்தால் நீக்கியது. அன்று தொட்டு இன்று வரை அம்மாநிலம் அதனை மீண்டும் கொணரவில்லை. பொறி ஏதும் படைக்காமல் இருந்திருப்பினும், இவ்வொன்றுக்காகவே அவரை நாம் நினைக்கத் தகும்.

எண்ணிலிருந்து எழுத்துக்கு

பின்னர் மில்வாக்கி நகரில் குடியேறிய ஷோல்ஸ், லிங்கன் ஆட்சிக் காலத்தில் அத்துறைமுகத்தின் சுங்க அதிகாரியாகப் பணியாற்றினார். ஓய்ந்த நேரங்களில் கிளைன்ஸ்டூபர் என்பாரின் பட்டறையில், சாமுவேல் சோல் என்னும் நண்பருடன் கூடி, கணக்கேடுகளின் பக்கங்களுக்கு வரிசை எண் பொறிக்கும் கருவி ஒன்றைச் செய்தார். அதே பட்டறையில் கலப்பை ஒன்றைச் சீர்திருத்திக் கொண்டிருந்த கார்லோஸ் கிளிடன் என்பார் அதனைக் கண்டார். எண்ணைப் பொறிக்கும் கருவி எழுத்தையும் பொறிக்கலாகாதோ என்று வினவினார். அவ்வொரு வினாவே வித்தாயிற்று.

1867-இல் ஷோல்ஸ் ஒரு சிறு சோதனை செய்தார். தந்தி அடிக்கும் கட்டையின் நுனியில் ஓர் எழுத்தைப் பொருத்தினார். தந்தி நிலையத்தில் பணிபுரிந்த சார்லஸ் வெல்லர் என்னும் இளைஞரிடம் கேட்டுக் கரித்தாள் ஒன்றைப் பெற்று வந்தார். கட்டையைத் தட்டியவுடன் தாளில் ஆங்கில ‘டபிள்யூ’ எழுத்துத் தெளிவாக விழுந்தது. ஓர் எழுத்து விழுமாயின் எல்லா எழுத்தும் விழும் அன்றோ? நண்பர் மூவரும் முனைந்து உழைத்தனர். 1868-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் அரசின் காப்புரிமை அவர்கள் கைக்கு வந்தது. முதற்பொறியின் பொத்தான்கள் பியானோ வாத்தியத்தின் கட்டைகளைப் போன்று நீண்டிருந்தன. எழுத்துகளோ அகர வரிசையை ஒட்டியே அமைந்திருந்தன.

குறை கூறியவரே குரு

முதலீடு செய்ய முன்வந்தவர் ஜேம்ஸ் டென்ஸ்மோர் என்பவர். பேச்சில் கடுமையும் நெஞ்சில் உறுதியும் உடையவர். கருத்து நன்று, ஆயின் பொறி உதவாது என்பது அவர் தீர்ப்பு. அவர் பொறிகளைத் தலைநகர் வாஷிங்டனில் இருந்த ஜேம்ஸ் கிளெஃபேன் என்னும் சுருக்கெழுத்தாளரிடம் அனுப்பினார். கிளெஃபேனோ வேகம் மிக்கவர். இரக்கம் அற்ற சோதனையாளர். அனுப்பிய பொறிகளை ஒன்றன்பின் ஒன்றாக உடைத்துத் திருப்பினார். ஒவ்வொன்றின் குறையையும் சுடுசொற்களால் எழுதி அனுப்பினார். மென்மையான இயல்புடைய ஷோல்ஸ் மனம் நொந்தார். சினங்கொண்டு கைவிடவும் நினைத்தார். குறைகளை இப்போதே அறிவதன்றோ நமக்கு ஆக்கம் என டென்ஸ்மோர் அவரைத் தேற்றினார். ஷோல்ஸ் மீண்டும் பட்டறைக்குள் புகுந்தார். இவ்வாறு சில ஆண்டுகளில் அவர் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அழித்து அழித்துச் செய்தார். சோலும் கிளிடனும் இடையிலேயே ஒதுங்கினர். ஷோல்ஸ் ஒதுங்கவில்லை. நம் தந்தையரின் விரல்கள் தடையின்றி ஓடியதற்குக் காரணம் அப்பொறுமையே.

அக்காலத்தில்தான் எழுத்துகளின் இடமும் மாறியது. அடுத்தடுத்துத் தட்டும் எழுத்துகளின் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கொண்டு வேலையை நிறுத்தின. அச்சிக்கலைத் தவிர்க்கவே எழுத்துகள் கலைக்கப்பட்டன என்பது பெருவழக்கான விளக்கம். தந்திப் பணியாளரின் தேவையும் அம்மாற்றத்தில் பங்கு கொண்டது என ஆராய்ச்சியாளர் சிலர் கூறுவர். தட்டுவோரை வேண்டுமென்றே மெதுவாக்குதற்கு இவ்வரிசை செய்யப்பட்டது என்று சிலர் சொல்வது பொருந்தாது. கம்பி சிக்காமல் இருந்தால்தான் விரைவு கூடும். பழைய அகர வரிசையின் சுவடு இன்றும் அழியவில்லை. நடு வரிசையில் டி, எஃப், ஜி, எச், ஜே, கே, எல் என்று எழுத்துகள் முறையே வருவதை நம் பிள்ளைகள் தம் கணினியிலேயே காணலாம். இடையில் வர வேண்டிய இ, ஐ என்னும் இரண்டு மட்டும் மேல் வரிசைக்கு ஏறிவிட்டன.

விற்ற உரிமை

1873-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், துப்பாக்கியும் தையற்பொறியும் செய்து வந்த ரெமிங்டன் நிறுவனத்தாருடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. டென்ஸ்மோர் விற்பனைதோறும் பங்கு பெறுவதையே விரும்பினார்; பின்னாளில் பெருஞ்செல்வரானார். ஷோல்ஸோ தம் உரிமையைப் பன்னீராயிரம் டாலருக்கு விற்றுவிட்டார். உலகெங்கும் கோடிக்கணக்கானோரின் கைகளில் தவழவிருந்த ஒரு பொருளுக்கு அவர் பெற்ற விலை அவ்வளவே.

1874-இல் விற்பனைக்கு வந்த பொறியின் விலை 125 டாலர். தையற்பொறியைப் போன்ற மேசையும் மிதிகட்டையும் பூ வேலைப்பாடும் அதற்கு இருந்தன. பெரிய எழுத்துகளை மட்டுமே அது பொறித்தது. எழுத்து உருளையின் அடிப்புறத்தில் விழுந்தமையால், எழுதியது இன்னதென்று உடனே பார்க்கவும் இயலாது. எழுத்தாளர் மார்க் ட்வெயின் போன்ற ஒரு சிலரே முதலில் வாங்கினர். 1878-இல் சிறிய எழுத்தும் பெரிய எழுத்தும் ஒரே பொத்தானில் அமைந்த இரண்டாம் மாதிரி வெளிவந்த பின்னரே வணிகம் தழைத்தது.

பத்து விரலின் வெற்றி

பொறி வந்தது, ஆயினும் விரைவு உடனே வந்துவிடவில்லை. அக்காலத்தார் இரண்டு அல்லது நான்கு விரல்களாலேயே தட்டினர். கண்ணும் பொத்தானிலேயே பதிந்திருந்தது. சால்ட் லேக் நகரின் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர் ஃபிராங்க் மெக்கரின் என்பார், எழுத்துகளின் இடத்தை மனத்தில் நிறுத்தி, எல்லா விரல்களாலும் பாராமலே தட்டத் தாமே பழகிக்கொண்டார். 1888-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் சின்சினாட்டி நகரில் அவருக்கும், பார்த்துத் தட்டுவதில் வல்லவரான லூயி டிராப் என்னும் ஆசிரியருக்கும் போட்டி நடந்தது. பிறர் சொல்லக் கேட்டு அடிப்பது ஒரு பகுதி. ஏட்டைப் பார்த்து அடிப்பது மற்றொரு பகுதி. இரண்டிலும் மெக்கரினே வென்றார். ஏட்டைப் பார்த்து அடிக்கையில் அவர் கண் தாளை விட்டு அகலவே இல்லை; மற்றவர் கண்ணோ தாளுக்கும் பொத்தானுக்குமாக அலைந்தது. வேகத்தின் இரகசியம் அன்று வெளிப்பட்டது. அதனைக் காண ஷோல்ஸ் உயிரோடு இருந்தார் என்பது நமக்கு மகிழ்வு தரும் செய்தி.

அவருக்குப் பெருநிறைவு தந்தது மற்றொன்று. 1872-இல் எடுத்த ஒரு புகைப்படத்தில் அவர் மகள் லில்லியன் பொறியின் முன் அமர்ந்திருக்கின்றார். அம்மகளைப் பின்தொடர்ந்து எண்ணற்ற பெண்கள் அலுவலகங்களுக்குள் நுழைந்தனர். 1881-இல் நியூயார்க் நகர இளம்பெண்கள் கிறிஸ்தவச் சங்கம் பெண்களுக்குத் தட்டச்சு வகுப்பு நடத்தத் தொடங்கியது. பெண்கள் தம் உழைப்பால் தாமே வாழத் தம் கருவி வழி செய்தது என்பதில் ஷோல்ஸ் பெரிதும் மகிழ்ந்தார். கணவனை இழந்த நிலையிலும் தட்டச்சு கற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றிய தாய்மார் நம்மிடையேயும் இருந்தனர். அவர்கள் மகிழ்வையும் அவர் கணக்கிலேயே சேர்க்கலாம்.

இறுதி நாட்கள்

இறுதி ஆண்டுகளில் காசநோய் அவரை வாட்டியது. உடல் தளர்ந்தும் உள்ளம் தளராமல் அவர் புதிய மாதிரிகளை வரைந்து கொண்டே இருந்தார். உலகம் ஏற்றுக்கொண்ட தம் எழுத்து வரிசையே முடிவானது என்று அவர் எண்ணவில்லை. முற்றிலும் வேறான ஒரு வரிசையை அமைத்து அதற்கும் காப்புரிமை கோரினார். 1890-ஆம் ஆண்டு பிப்ரவரி 17-ஆம் நாள், தம் எழுபத்தொன்றாம் பிறந்தநாள் கழிந்த மூன்றாம் நாள், மில்வாக்கியில் அவர் காலமானார். அப்புதிய வரிசைக்கு உரிமை கிடைத்தது 1896-இல். அதற்குள் பழைய வரிசை உலகின் விரல்களில் ஊறிப்போயிருந்தது. 1936-இல் டுவோராக் என்னும் அறிஞர் வேறொரு வரிசையை அமைத்தும் பழையது அசையவில்லை. படைத்தவரே மாற்ற விரும்பியதை, பழகியவர் மாற்ற விடவில்லை.

அவர் கல்லறை நெடுங்காலம் பெயர்ப் பலகையின்றிக் கிடந்தது. அதற்கு நினைவுக்கல் எடுக்க முன்னின்று பொருள் திரட்டியவர், அன்று ஒரு கரித்தாள் தந்து உதவிய அதே சார்லஸ் வெல்லர். நன்றி மறவாமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

நம் கடன்

பொறிகளின் காலம் கழிந்தது. 1955 முதல் நம் நாட்டிலேயே தட்டச்சுப் பொறி செய்து வந்த கோத்ரெஜ் நிறுவனமும் அதனை நிறுத்திவிட்டது. ஆயினும் ஷோல்ஸின் வரிசை கணினியிலும் கைப்பேசியிலும் வாழ்கின்றது. தமிழ்நாட்டு அரசின் தட்டச்சுத் தேர்வுகளும் நின்றபாடில்லை. நிமிடத்துக்கு முப்பது சொல் கீழ்நிலைக்கு, நாற்பத்தைந்து சொல் மேல்நிலைக்கு. நம் பிள்ளைகளோ காலை முதல் இரவு வரை கணினியின் முன் அமர்ந்தும், இரண்டு விரலால் தேடித் தேடித் தட்டுகின்றனர். பாட்டனார் பெற்றிருந்த திறமையைப் பேரன் இழக்கலாமா?

வழி எளிது. இடக்கையின் நான்கு விரல்களை ஏ, எஸ், டி, எஃப் மீதும், வலக்கையின் நான்கினை ஜே, கே, எல், அரைப்புள்ளி மீதும் இருத்துக. எஃப், ஜே என்னும் இரண்டின் மீதுள்ள சிறு மேடு, பாராமலே இடம் காட்டும். ஒவ்வொரு எழுத்தைத் தட்டிய பின்னும் விரல் தன் வீட்டுக்குத் திரும்புக. கண் பொத்தானை நாடினால் கைகளின் மேல் ஒரு துணியை இடுக. முதலில் பிழையின்மை, பின்னரே வேகம். பிழையோடு பழகிய வேகம் திருத்துவதிலேயே கழிந்துவிடும். நாள்தோறும் அரை மணி நேரம் போதும்; வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் உதவாது. தவறு காட்டுவோரிடம் சினவாமை, ஷோல்ஸ் நமக்குக் கற்பித்த பாடம்.

மற்றொன்றும் விழைகின்றோம். தமிழுக்கும் 1999-இல் ஒழுங்கான விசைப்பலகை வகுக்கப்பட்டது. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் வலக்கைக்கும் அமைந்தன. வேற்று மொழிச் சூழலில் வளரும் நம் சிறுவர் அதனையும் பயின்றால், ஊரிலுள்ள பாட்டிக்குத் தமிழில் ஒரு மடல் எழுதுதல் அவர்களுக்குப் பாரமாக இராது. விரல் மறவாத மொழியை நெஞ்சும் மறவாது.

தாம் செல்வம் பெறாமல் நமக்குத் தொழில் தந்த அப்பெரியாரின் நினைவை, விரலில் விரைவும் செயலில் பிழையின்மையும் கொண்டு போற்றுவோமாக!