பூசையும் பந்தும்: புனித டொன் பொஸ்கோ

ஞாயிறு காலை உங்கள் மகன் பூசைக்குப் போவதா, கந்தளாய்க் குளக்கரையில் பந்தடிக்கப் போவதா என்று தடுமாறுகிறானா? புனித டொன் பொஸ்கோவை நினைத்துக்கொள்ளுங்கள்.

1815இல் இத்தாலியில் ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர். இரண்டு வயது நிரம்புமுன்னே தந்தையை இழந்தார். சிறுவயதில் கயிற்றில் நடந்து வித்தை காட்டுவார். பார்க்க வரும் பிள்ளைகளைச் செபமாலை சொல்ல வைப்பார். 1841இல் குருவானார். தூரின் நகருக்கு வேலை தேடி வந்த ஏழைப் பையன்களை ஞாயிறுதோறும் கூட்டினார். முதலில் பாவசங்கீர்த்தனம், பூசை, ஞானோபதேசம். பிறகு ஓட்டமும் பந்தும் பாட்டும். சத்தம் பொறுக்காதவர்கள் இடத்துக்கு இடம் விரட்டினர். அவரோ விளையாட்டை நிறுத்தவில்லை. 1846இல் ஒரு கொட்டகை கிடைத்தது. 1888 ஜனவரி 31இல் இறந்தார், 1934இல் புனிதரானார்.

மைதானத்தைக் கோவிலுக்குப் பகையாக்காதீர்கள். பூசை முடிந்ததும் பந்தை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.