குரல்களை இணைத்த இசைத்தொண்டர்

தனித்துப் பாடிப் புகழ் பெற்றோர் நம் நாட்டில் பலர். பிறரைச் சேர்ந்து பாடச் செய்வதையே தொண்டாகக் கொண்டோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் எம். பி. சீனிவாசன்.

1925-ஆம் ஆண்டு சித்தூரில் பிறந்த இவர், சென்னையில் கல்லூரி மாணவராக இருந்தபோதே விடுதலை வேட்கையால் ஈர்க்கப்பட்டார். மக்கள் நாடக இயக்கத்தில் பங்குகொண்டு, பலர் கூடிப் பாடும் பாட்டின் ஆற்றலை அறிந்தார்.

பின்னர் திரை இசையமைப்பாளரானார். 1960-இல் 'பாதை தெரியுது பார்' என்ற தமிழ்ப் படத்திற்கு இசையமைத்தார். மலையாளத் திரையுலகமோ இவரைத் தன்னவராகவே ஏற்றுக்கொண்டது. கே. ஜே. யேசுதாஸ் திரைப்படத்திற்காக முதன்முதலில் பாடியது, 1961-இல் இவருடைய இசையில்தான். அன்று அவர் பாடியவை, திருவனந்தபுரத்தை அடுத்த செம்பழந்தியில் அவதரித்த ஸ்ரீ நாராயண குரு அருளிய வரிகள். சாதி மத வேற்றுமையற்ற வாழ்வைப் போற்றுபவை.

திரையிசையில் வாத்தியம் வாசிப்போரின் உழைப்புக்கு உரிய மதிப்புக் கிடைக்க வேண்டும் என எண்ணி, அவர்களை ஒரு சங்கமாகத் திரட்டவும் பாடுபட்டார்.

ஆயினும் இவருடைய உள்ளம் சேர்ந்திசையையே நாடியது. 1970-களின் தொடக்கத்தில் சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கினார். மகாகவி பாரதியின் பாடல்களும் பிற மொழிக் கவிஞர்களின் பாடல்களும் அக்குழுவில் ஒலித்தன.

நம் பஜனையில் ஒருவர் முன்பாட, மற்றவர் பின்பாடுவர். மேலைநாட்டுச் சேர்ந்திசையிலோ குரல்கள் பிரிந்து, வெவ்வேறு சுரங்களை ஒரே நேரத்தில் இசைக்கும். ராகத்தின் சாயல் கெடாமல் இம்முறையை நம் பாடல்களுக்குப் பொருத்துவது எளிதன்று. அவ்வரிய பணியை இவர் பொறுமையுடன் மேற்கொண்டார்.

பள்ளிப் பிள்ளைகளிடமும் இவ்விசையைக் கொண்டு சேர்த்தார். உரத்த குரலுடைய குழந்தை இங்கே தன் குரலை அடக்கக் கற்கிறது. கூச்சமுள்ள குழந்தை அருகில் நிற்பவரின் குரலால் துணிவு பெறுகிறது. தான் பாடும்போதே பிறர் குரலுக்குச் செவிசாய்ப்பதே சேர்ந்திசையின் முதற்பாடம். வீட்டிற்கும் நாட்டிற்கும் வேண்டிய பாடமும் அதுவே.

1988 மார்ச் 9-ஆம் நாள், சேர்ந்திசைப் பணிக்காகச் சென்றிருந்த லட்சத்தீவில் இவருடைய வாழ்வு நிறைவுற்றது. இறுதி நாளிலும் குரல்களை இணைக்கும் தொண்டிலேயே இருந்தார். பின்னாளில் திருவனந்தபுரத்தில் இவர் பெயரிலேயே ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழு எழுந்தது.

அந்நகரிலிருந்து மலைப்பாதை ஏறினால் வருவது பொன்முடி. அத்தகைய மலையூரிலும் ஒரு குழந்தைகள் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்க இயலும். பெரிய அரங்கமோ விலையுயர்ந்த வாத்தியங்களோ அதற்குத் தேவையில்லை. சுருதிக்கு ஒரு பெட்டி, வாரந்தோறும் கூட ஒரு திண்ணை, பொறுமையுள்ள ஓர் ஆசிரியர் போதும். முதலில் அனைவரும் ஒரே சுருதியில் நிற்கப் பழகட்டும். குரல்கள் பிரிந்து இணைவது பின்னர் வரும். நல்ல குரல் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுக்காமல், வரும் குழந்தைகள் அனைவரையும் அரவணைத்துக்கொள்வதே அந்த இசைத்தொண்டருக்குச் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.