100 டாலருக்கு விலைபோன ராட்சத வீரர்

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு உண்டு. அதன் பெயரும் கால்பந்துதான். ஆனால் நம் ஊர் மைதானங்களில் ஆடும் கால்பந்து அல்ல அது. பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் காலால் உதைப்பது குறைவு. கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம்.

பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு நாலு வாய்ப்பு கொடுப்பார்கள். அதற்குள் 10 கஜ தூரம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடியும் நாலு வாய்ப்பு. இல்லாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும்.

அப்படி முன்னேற விடாமல் தடுக்க, எதிர்க் கோஷ்டியின் முன்வரிசையில் பெரும்பாலும் நாலு பேர் நிற்பார்கள். கோட்டை வாசலைக் காக்கும் காவலர்கள் மாதிரி! எல்லாரும் மலை போன்ற ஆட்கள்.

1950-களில் அந்த வாசலில் நின்று பெரும் புகழ் பெற்றவர் யூஜின் லிப்ஸ்கம். உயரம் 6 அடி 6 அங்குலம். எடை ஏறக்குறைய 130 கிலோ. ஆனாலும் மான் போல ஓடுவார்.

இத்தனை பெரிய ஆளை, ஆள் எடுக்கும் நாளில் ஒருவர்கூடக் கேட்கவில்லை!

தாயை இழந்த சிறுவன்

லிப்ஸ்கம் 1931-ம் ஆண்டு ஆகஸ்டு 9-ந் தேதி பிறந்தார். பிறந்த இடம் அலபாமா மாநிலம். கறுப்பர் குடும்பம். தகப்பனாரை அவர் அறியமாட்டார். தாய் அவரை டெட்ராய்ட் நகருக்கு அழைத்து வந்து வளர்த்தாள்.

அப்போது அவருக்கு வயது 11. வேலைக்குப் போக, பஸ் நிற்கும் இடத்தில் தாய் நின்றுகொண்டிருந்தாள். அங்கே ஒரு மனிதன் அவளைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டான். போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, பையன் வீட்டில் இருந்தான்.

அதன் பிறகு தாத்தா வளர்த்தார். தாத்தா கண்டிப்பானவர். சோற்றுக்கும் இடத்துக்கும் பேரனிடமே பணம் வாங்கினார். பையன் பாத்திரம் கழுவினான். லாரியில் மூட்டை ஏற்றினான். இரவெல்லாம் இரும்பு ஆலையில் வேலை செய்துவிட்டு, காலையில் பள்ளிக்கூடம் போனான். அந்த வயதிலேயே அவன் மற்றப் பிள்ளைகளைவிட ஒரு முழம் உயரம்.

படிப்பு ஏறவில்லை. ஏறாததில் என்ன அதிசயம்? பள்ளிப் படிப்பை முடிக்காமலே மரைன் என்னும் கடற்படைத் துருப்பில் சேர்ந்துவிட்டார்.

ஆள் எடுக்கும் நாள்

அமெரிக்கத் தொழில்முறைக் கோஷ்டிகள் புது ஆட்டக்காரர்களைத் தங்கள் இஷ்டம்போல் பிடித்துக்கொள்ள முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோஷ்டிகளும் கூடும். கல்லூரிகளில் ஆடி முடித்த வாலிபர்களின் பெயர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும். டிராப்ட் என்று இதற்குப் பெயர். போன வருஷம் எல்லாரிலும் மோசமாகத் தோற்ற கோஷ்டிக்கே முதல் வாய்ப்பு! பணக்காரக் கோஷ்டி நல்ல ஆட்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாதபடி இந்த ஏற்பாடு.

இந்த யோசனையைக் கொண்டுவந்தவர் பெர்ட் பெல் என்பவர். முதல் டிராப்ட் 1936-ல் பிலடெல்பியா நகரில் ஒரு ஓட்டலில் நடந்தது. அன்று முதல் ஆளாக எடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். அவரோ, தொழில்முறை ஆட்டமே வேண்டாம் என்று வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆரம்பமே இப்படி!

முன்வரிசைத் தடுப்பு ஆளை எடைபோடுவது கடினமான காரியம். பந்தோடு ஓடுகிறவன் எத்தனை கஜம் ஓடினான் என்று கணக்கு எழுதலாம். தடுக்கிறவனுக்கு என்ன கணக்கு? எதிரியின் இரண்டு ஆட்களை அவன் தன் மேல் இழுத்து வைத்துக்கொள்வான். பக்கத்தில் நிற்பவன் சுலபமாகப் பந்துக்காரனைப் பிடித்துவிடுவான். பேர் பக்கத்தில் நின்றவனுக்கு!

பிற்காலத்தில் இதற்கு எத்தனையோ சோதனைகள் வந்துவிட்டன. இண்டியானாபோலிஸ் நகரில் 1987 முதல் பல ஆண்டுகளாக ஒரு பெரிய சோதனை முகாம் நடந்துவருகிறது. வாலிபர்களின் உயரம், எடை, கையின் நீளம் எல்லாம் அளக்கிறார்கள். 40 கஜம் ஓடவிட்டு நேரம் பார்க்கிறார்கள். முன்வரிசை ஆட்களுக்கு முதல் 10 கஜ நேரம்தான் முக்கியம். அவர்கள் அதற்குமேல் நேர்கோட்டில் ஓடுவது அபூர்வம். 225 பவுண்டு எடையைப் படுத்தபடி எத்தனை தடவை தூக்குகிறார் என்றும் எண்ணுகிறார்கள்.

1953-ல் இதெல்லாம் ஏது? முழுநேரமும் ஊர் ஊராகப் போய் ஆள் பார்க்க ஒருவரை வைத்திருந்த கோஷ்டிகள் மிகச் சில. மற்றவர்கள் கல்லூரிப் பயிற்சியாளர்களுக்குக் கடிதம் எழுதுவார்கள். விளையாட்டுப் பத்திரிகைகளைப் புரட்டுவார்கள். அந்த ஆண்டு 12 கோஷ்டிகள், 30 சுற்றுகளில் சுமார் 360 பேரை எடுத்தன.

லிப்ஸ்கம் பெயர் அதில் இல்லை. கல்லூரி வாசலை மிதிக்காத ஆளைப் பற்றி யார் கடிதம் எழுதுவார்கள்?

ராணுவ முகாமில்

அவர் கலிபோர்னியாவில் பெண்டில்டன் என்ற மரைன் முகாமின் கோஷ்டியில் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்து நகரமான லாஸ் ஏஞ்சல்சில் ராம்ஸ் என்ற தொழில்முறைக் கோஷ்டி. ஆள் தேடுவதில் மற்றவர்களைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். நிறம் பார்த்து ஒதுக்கும் வழக்கத்தை 1946-லேயே உடைத்தவர்களும் அவர்களே. டிராப்டில் விடுபட்ட லிப்ஸ்கமை 1953-ல் ராம்ஸ் நேரடியாகச் சேர்த்துக்கொண்டது.

பலம் இருந்தது, வித்தை போதவில்லை. முன்வரிசை ஆட்டத்தில் தாழ்ந்து நிற்பவன் ஜெயிப்பான், நிமிர்ந்து நிற்பவன் கீழே விழுவான். உயரமான ஆளுக்கு இதுதான் கஷ்டம். ஆத்திரத்தில் விதிகளை மீறித் தண்டனையும் வாங்கிக் கொடுத்தார். வீட்டில் தகராறு. குடிப்பழக்கமும் சேர்ந்துகொண்டது. மூன்று வருஷம் பார்த்த ராம்ஸ், 1956-ல் அவரைக் கைவிட்டது.

கைவிட்ட ஆளை எடுத்துக்கொள்ள அன்றைய கட்டணம் 100 டாலர். பால்டிமோர் கோல்ட்ஸ் கோஷ்டி அந்த நூறு டாலரைக் கட்டியது!

அதே ஆண்டு அதே கோஷ்டிக்கு இன்னொரு கழிக்கப்பட்ட ஆளும் வந்தார். பெயர் ஜானி யூனிட்டஸ். பிட்ஸ்பர்க் கோஷ்டி வேண்டாம் என்று அனுப்பிவிட்டதால், ஆட்டத்துக்கு 6 டாலர் கூலிக்குத் தெரு மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தவர். ஆள் பார்ப்பவர்கள் கண்ணுக்கு இரண்டு பேரும் தப்பியவர்கள்.

வாசல் காத்த நால்வர்

பால்டிமோரில் வீப் யூபங்க் என்ற பொறுமையான பயிற்சியாளர் இருந்தார். முன்வரிசையில் ஜினோ மார்ச்செட்டி, ஆர்ட் டோனவன் என்ற அனுபவசாலிகள் நின்றார்கள். இருவரும் உலக யுத்தத்தில் பணியாற்றியவர்கள். இவர்களோடு நின்று லிப்ஸ்கம் வித்தை கற்றார். பாய்வதற்கு முன் எதிரியின் எண்ணத்தைப் பார்க்கப் பழகினார்.

அப்புறம்தான் அவருடைய உண்மையான பலம் தெரிந்தது. அக்காலத்தில் இத்தனை கனமான ஆள் தன் இடத்தைக் காத்து நின்றாலே போதும் என்பார்கள். லிப்ஸ்கமோ மைதானத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை துரத்திப் போய்ப் பந்துக்காரனை மடக்கினார். பந்து எதிர்ப்பக்கம் போனால் இவன் நிற்கிறானா, துரத்துகிறானா என்று பார்ப்பது பின்னால் ஆள் பார்ப்பவர்களின் வழக்கமாயிற்று. 1961-ல் ராம்ஸ் ஆட்கள் வேறொருவனுக்காகப் படம் பார்த்தபோது, வேகமாக ஓடியவர்களைத் துரத்திப் பிடித்த ஒரு கனத்த வாலிபன் கண்ணில் பட்டான். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற டீக்கன் ஜோன்ஸ்தான் அவர்.

லிப்ஸ்கமுக்கு யார் பெயரும் நினைவில் நிற்காது. எல்லாரையும் லிட்டில் டாடி, அதாவது சின்ன அப்பா என்று கூப்பிடுவார். அதனால் அவர் பிக் டாடி ஆனார். நம் வீட்டுப் பெரியப்பா உறவு அல்ல, செல்லப் பெயர்தான். கீழே தள்ளிய எதிரியைத் தாமே கை கொடுத்துத் தூக்கிவிடுவார். தம்மைப் பொல்லாதவன் என்று குழந்தைகள் நினைத்துவிடக் கூடாதாம்!

1958 டிசம்பர் 28. நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். சாம்பியன் பட்டத்துக்கு நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டியோடு கடைசி ஆட்டம். ஜயண்ட்ஸ் 17, பால்டிமோர் 14. நேரமோ சில நிமிஷங்கள்தான் பாக்கி. ஜயண்ட்ஸ் இன்னும் 4 கஜம் முன்னேறினால் பந்தைத் தங்களிடமே வைத்து நேரத்தைக் கடத்திவிடலாம். கிபோர்டு என்பவர் பந்தோடு ஓடினார். மார்ச்செட்டி பிடித்தார். லிப்ஸ்கம் பாய்ந்து மேலே விழுந்தார். அந்தப் பாரத்தில் சொந்தத் தோழர் மார்ச்செட்டியின் கால் எலும்பு முறிந்துவிட்டது!

ஆனால் கிபோர்டு தாண்டவில்லை என்று நடுவர் தீர்ப்புச் சொன்னார். தாண்டினேன் என்று கிபோர்டு ஆயுள் முழுதும் வாதாடினார். பந்து பால்டிமோர் வசம் வந்தது. யூனிட்டஸ் முன்னேற்றிக்கொண்டு போக, 7 விநாடி இருக்கையில் சமன் ஆயிற்று. கூடுதல் நேரத்தில் பால்டிமோர் 23-17 என்று ஜெயித்தது. அடுத்த ஆண்டும் பட்டம் அவர்களுக்கே.

கட்டிலால் அடைத்த கதவு

ஊரே பார்த்துப் பயந்த இந்த மனிதர், உள்ளுக்குள் பயந்துகொண்டே இருந்தார். வாழ்நாள் முழுதும் பயம்தான் என்று 1960-ல் ஒரு வாரப் பத்திரிகையில் அவரே வெளியிட்டார். இரவில் கட்டிலைக் கதவோடு சேர்த்துப் போட்டுவிட்டுப் படுப்பார். பஸ் நிற்கும் இடத்தில் நடந்ததை அந்தப் பதினோரு வயதுப் பையன் மறக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எடைத்தட்டில் ஏற்றி நிறுத்தால் இது தெரியுமா?

மூன்று முறை கலியாணம் செய்தார், எதுவும் நிலைக்கவில்லை. குடியும் விடவில்லை. கையில் காசு இருந்தால் தெருவில் கண்ட ஏழைப் பிள்ளைகளுக்குச் செருப்பும் துணியும் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

1961-ல் அவரைப் பிட்ஸ்பர்க் கோஷ்டிக்கு மாற்றிவிட்டார்கள். யூனிட்டஸை வேண்டாம் என்று அனுப்பிய அதே பிட்ஸ்பர்க்! 1963 ஜனவரியில் சிறந்த வீரர்கள் மட்டும் கலந்துகொள்ளும் ஆட்டத்தில், முன்வரிசைக்கான பரிசு அவருக்கே கிடைத்தது. அதுவே அவருடைய கடைசி ஆட்டம்.

அந்த ஆண்டு மே 10-ந் தேதி, பால்டிமோரில் ஒருவர் வீட்டில் மயங்கி விழுந்து இறந்தார். வயது 31. ஹெராயின் என்ற போதை மருந்து உடம்பில் அளவுக்கு மீறி ஏறியதே காரணம் என்று பரிசோதனையில் கூறப்பட்டது. நண்பர்கள் நம்பவில்லை. ஊசி என்றாலே அவருக்கு நடுக்கம் என்றார்கள். சந்தேகம் தீரவே இல்லை.

அவர் உடலைப் பார்க்கப் பால்டிமோர் தெருவில் ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் குழந்தைகள் பலர். பிறகு டெட்ராய்ட் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

அந்த ஆண்டு பிட்ஸ்பர்க் நன்றாகவே ஆடியது. டிசம்பர் 15-ந் தேதி கடைசி ஆட்டம். ஜெயித்தால் சாம்பியன் பட்டப் போட்டிக்குப் போகலாம். இடம், அதே யாங்கி ஸ்டேடியம். எதிரி, அதே ஜயண்ட்ஸ். முன்வரிசையில் லிப்ஸ்கம் நிற்கும் இடத்தில் வேறொருவர் நின்றார். பிட்ஸ்பர்க் 33-17 என்று தோற்றது.