பூக்காரி திரும்பி வரவில்லை!

1938ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரம். புதிய பேசும் படம் ஒன்றைப் பொதுமக்களுக்குக் காட்டுமுன், பத்திரிகைக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கொட்டகையின் இருட்டிலே 82 வயதுக் கிழவர் ஒருவரும் அமர்ந்து பார்க்கிறார். உயர்ந்த உருவம், வெண்தாடி, குறும்பு கொப்பளிக்கும் கண்கள். திரையிலே ஓடும் கதை அவருடையது. பேச்சும் அவருடையது.

படம் முடிகிற நேரம். பேராசிரியரின் வீட்டைவிட்டு மனம் நொந்து வெளியேறிய பூக்காரிப் பெண், தானாகவே திரும்பி வருகிறாள். பேராசிரியர் எழுந்து வரவேற்கவில்லை. வருந்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்காலியிலே சாய்ந்தபடி, தம்முடைய செருப்பு எங்கே என்று கேட்கிறார்! அத்தோடு படம் முடிகிறது.

கிழவர் எழுதிய முடிவு அதுவல்ல. அவர் படைத்த பூக்காரி, செருப்பெடுத்துக் கொடுப்பதற்காகத் திரும்பி வருகிறவள் அல்லள். அவரிடம் சொல்லாமலே முடிவை மாற்றிப் பிடித்துவிட்டார்கள். உலகமே அஞ்சிய எழுதுகோல் அவருடையது. அந்த எழுதுகோலையே ஏமாற்றிவிட்டது படக் கருவி!

அந்தக் கிழவர்தான் ஜார்ஜ் பெர்னாட்ஷா. நம் தோழர்களுக்குப் புதிய பெயரல்ல. அறிஞர் அண்ணாவைத் தென்னாட்டுப் பெர்னாட்ஷா என்று மேடைதோறும் அழைத்து மகிழ்ந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் பெயரைத் தெரிந்த அளவுக்கு அந்த மனிதரைத் தெரிந்துகொண்டோமா? அவர் பட்ட பாடு என்ன, பூக்காரிக்காக அவர் நடத்திய போர் என்ன, அதிலே அவர் பெற்றது எது, பறிகொடுத்தது எது — இவற்றை எண்ணிப் பார்ப்பது நல்லது.

1856ஆம் ஆண்டு, ஜூலை 26ஆம் நாள், அயர்லாந்திலே டப்ளின் நகரில் பிறந்தார். தகப்பனார் தானிய வியாபாரி, குடியிலே மூழ்கியவர். குடும்பப் பெருமை இருந்தது, கையிலே காசு இல்லை. தாயார் இசை அறிந்தவர். ஷா பதினைந்து வயதிலே பள்ளியைவிட்டு நின்றார். நிலபுலன்களையும் வீடுகளையும் நிர்வகிக்கும் அலுவலகம் ஒன்றிலே குமாஸ்தா வேலை. அந்த வேலையிலே ஒரு பகுதி என்ன தெரியுமா? சேரிகளிலே குடியிருந்த ஏழைகளிடம் வாரா வாரம் வாடகை வசூலிப்பது! ஒழுகும் கூரை, இருண்ட அறை, ஒரே அறையிலே அடைந்து கிடக்கும் குடும்பம். அவர்களிடம் கை நீட்டிப் பெற்ற செப்புக்காசுகள் எங்கே போய்ச் சேருகின்றன என்பதை அந்தப் பிள்ளை பார்த்தது. பார்த்ததை மறக்கவில்லை.

1876இல் இலண்டன் சேர்ந்தார். எழுதினார், எழுதினார், ஐந்து நாவல்கள் எழுதினார். பதிப்பகத்துக்குப் பதிப்பகம் திருப்பி அனுப்பியது. தாயாரின் உழைப்பிலே சாப்பாடு, கிழிந்த காற்சட்டை, தேய்ந்த செருப்பு. சோர்ந்தாரா? இல்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் படிப்பகம் இருந்தது, அங்கே கட்டணமில்லை, குளிர்காலத்திலே கதகதப்பும் உண்டு. அதுவே அவருக்குப் பல்கலைக்கழகமாயிற்று. கார்ல் மார்க்சின் மூலதனத்தைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலே அங்கேதான் படித்தார். 1884இல் ஃபேபியன் கழகத்திலே சேர்ந்தார். சமதர்மத்தைப் படிப்படியாகக் கொண்டுவர எண்ணிய கழகம் அது. பின்னாளிலே பிரிட்டனில் தொழிற்கட்சி உருவாகத் துணைநின்ற அமைப்புகளிலே ஒன்று.

மேடைப் பேச்சிலே உலகத்தை ஆட்டிவைத்த ஷா, பிறவிப் பேச்சாளர் அல்லர். முதன்முதல் எழுந்து பேசியபோது நெஞ்சு படபடத்தது; கையிலிருந்த குறிப்புத்தாள் நடுங்கியது. அன்று ஒரு முடிவு செய்தார் — எந்தக் கூட்டம் நடந்தாலும் போவது, போன இடத்திலெல்லாம் எழுந்து பேசுவது. தெருமுனை, பூங்கா, மண்டபம், எதையும் விடவில்லை. ஆண்டுக்கணக்கில் பேசினார், பேச்சுக்குக் கூலி வாங்கவில்லை. ஒருமுறை ஹைட் பூங்காவிலே கொட்டுகிற மழை. கேட்க வந்த பொதுமக்கள் யாருமில்லை. கண்காணிக்க அனுப்பப்பட்ட ஆறு போலீஸ்காரர்கள் மட்டும் நனைந்துகொண்டு நின்றார்கள். அந்த ஆறு பேருக்கும் முழுப் பேச்சும் பேசி முடித்தார் ஷா! கூட்டம் கொஞ்சம் குறைந்தாலே முகம் வாடும் பேச்சாளர்கள் இதை மனத்திலே நிறுத்தலாம்.

அப்படிப்பட்டவர் நாடகம் எழுத வந்தபோது, நாடக மேடை எப்படி இருந்தது? சீமான்களும் சீமாட்டிகளும் உண்ட உணவு செரிக்கப் பார்க்கும் பொழுதுபோக்காக இருந்தது. 1892இல் முதல் நாடகம் அரங்கேறிற்று. கருப்பொருள் என்ன? சேரி வாடகை! டப்ளினிலே பிள்ளைப் பருவத்தில் வசூலித்த அந்தச் செப்புக்காசுகள், இலண்டன் மேடையிலே சாட்சி சொல்ல வந்துவிட்டன. கனவான்களின் கண்ணியமான வருமானத்துக்கு வேர் எந்தச் சாக்கடையிலே இருக்கிறது என்று காட்டினார். அடுத்த ஆண்டு, வாரன் அம்மையின் தொழில் என்ற நாடகத்தை எழுதினார். உழைக்கும் பெண்ணுக்கு வயிறார உண்ணக் கூலி கொடுக்காத சமுதாயமே அவளை விலைமகளாக்குகிறது என்று சொன்னார். அரசாங்கத் தணிக்கை அதிகாரி தடை போட்டார். பொதுமேடையிலே அனுமதி கிடைக்க 1925 வரை காத்திருக்க நேர்ந்தது.

1912இல் எழுதியதுதான் பிக்மாலியன். கதை இதுதான்: எலைசா டூலிட்டில், இலண்டன் தெருவிலே பூ விற்கும் ஏழைப் பெண். அவள் பேசுவது தெருப்பேச்சு. வாயைத் திறந்தாலே வகுப்புத் தெரிந்துவிடும். ஹிக்கின்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் பந்தயம் கட்டுகிறார் — ஆறே மாதத்தில் இவள் பேச்சை மாற்றி, சீமாட்டி என்று பெரிய இடத்து விருந்திலே உலவ விடுகிறேன் என்று. அப்படியே செய்து காட்டுகிறார். பேச்சு மாறியது, மதிப்பு மாறியது. ஆள் அதே ஆள்! அப்படியானால் உயர்வும் தாழ்வும் இரத்தத்திலே இல்லை, பிறப்பிலே இல்லை. பயிற்சியிலும் வாய்ப்பிலும்தான் இருக்கின்றன என்று ஆகிறதல்லவா? சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிட்டார் ஷா, சீமான்கள் தங்கள் தலையிலே விழுந்த குட்டு என்று அறியாமலே சிரித்தார்கள்.

ஆனால் கதையின் உயிர் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. பந்தயம் வென்ற இரவிலே பேராசிரியர் தம் வெற்றியைப் பற்றிப் பேசுகிறார். பாடுபட்ட பெண்ணை ஏறிட்டும் பார்க்கவில்லை. செருப்பைத் தேடுகிறார். அவள் அந்தச் செருப்புகளை எடுத்து அவர்மீதே வீசுகிறாள்! வெளியேறுகிறாள். தனக்குக் கற்றுத்தந்த கலையைக் கொண்டே தான் பிழைத்துக்கொள்ள முடியும் என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். பொம்மையாக எண்ணப்பட்டவள் மனுஷியாகி நிற்கிறாள். நம் மொழியிலே சொல்வதானால், அவள் அடைந்தது சீமாட்டிப் பட்டமல்ல; சுயமரியாதை!

இந்த முடிவு, பார்த்தவர்களுக்கு உறுத்தியது. 1914இல் இலண்டனில் நாடகம் நடந்தபோது, பேராசிரியராக நடித்த பெரிய நடிகர், திரை விழும் நேரத்திலே எலைசாவை நோக்கி மலர்க்கொத்தை வீசிக் காதலாக மாற்றப் பார்த்தார். ஷாவுக்குக் கடுங்கோபம். 1916இல் நாடகம் நூலாக வந்தபோது, நீண்ட பின்னுரை ஒன்றைச் சேர்த்தார். எலைசா ஃபிரெடி என்ற இளைஞனை மணந்து பூக்கடை வைத்துப் பிழைத்தாள் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் எழுதினார். கதவைச் சாத்தித் தாழிட்டதாக எண்ணினார்.

பிறகு வந்தது சினிமா. ஊமைப்பட நாட்களிலே ஷா இணங்கவில்லை. பேச்சே உயிரான நாடகத்தை வாய்கட்டிக் காட்டுவது எப்படி? பேசும் படம் வந்ததும் இணங்கினார். 1931இலும் 1932இலும் அவருடைய இரண்டு நாடகங்கள் படமாயின. எழுதியது எழுதியபடி இருக்கவேண்டும் என்றார், இருந்தது, ஓடவில்லை. மேடையை அப்படியே படம்பிடித்தால் அது படமாகாது என்பது அவருக்குக் கிடைத்த பாடம். ஜெர்மனியிலும் ஹாலந்திலும் பிக்மாலியனைப் படமாக்கினார்கள். அவருக்குப் பிடிக்காத மாற்றங்களைச் செய்தார்கள். மனம் வெதும்பினார்.

அந்த வேளையிலே வந்து நின்றார் கேப்ரியல் பாஸ்கல் என்ற ஹங்கேரி நாட்டுக்காரர். சட்டைப்பையிலே சில ஷில்லிங்குகளே இருந்தன என்பார்கள். எத்தனையோ படமுதலாளிகளுக்கு மறுத்த ஷா, இந்த ஏழையை நம்பினார். படத்துக்காகப் புதிய காட்சிகளையும் எழுதினார். மேடையிலே காட்டாத அந்தப் பெரிய விருந்து, படத்திலே இடம் பெற்றது. நாடகத்திலே பேச்சால் சொன்னதைப் படத்திலே கண்ணால் காட்டலாம் என்பதை 80 வயதுக்கு மேலே கற்றுக்கொண்டார்! எலைசாவாக வெண்டி ஹில்லர், பேராசிரியராக லெஸ்லி ஹோவர்ட். 1914இல் மேடையையே அதிரவைத்த அந்த ஒற்றைத் தெருச்சொல்லும் படத்திலே வெட்டுப்படாமல் ஒலித்தது. எல்லாம் சரி. முடிவு மட்டும் களவு போயிற்று. ஷா எழுதிக் கொடுத்தது ஒன்று; படமெடுத்தோர் இரகசியமாகப் பிடித்துவைத்தது வேறு.

ஏன் மாற்றினார்கள்? நாயகனும் நாயகியும் சேர்ந்தால்தான் காசு சேரும் என்பது வியாபாரக் கணக்கு. ஏழைப்பெண் படிக்கலாம், பட்டுடுத்தலாம், விருந்திலே ஆடலாம்; ஆனால் எசமானனைவிட்டுத் தன் காலிலே நின்றுவிடக்கூடாது! அந்த முடிவைத்தான் கொட்டகை தாங்காது என்று பயந்தார்கள்.

ஷா கூச்சலிடவில்லை. வழக்குப் போடவில்லை. படம் வெற்றி பெற்றது. இலட்சக்கணக்கான எளிய மக்களிடம் அவர் பேச்சு போய்ச் சேர்ந்தது. 1939இல் திரைக்கதைக்கான ஆஸ்கார் பரிசு, உடனுழைத்த மூவரோடு அவருக்கும் வந்தது. இப்போதுதான் தம்மைக் கண்டுபிடித்தார்களா என்று அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார். 1925ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசை ஏற்று, பணத்தை மட்டும் தமக்கென வேண்டாமென்று ஸ்வீடன் நாட்டு இலக்கியத்தை ஆங்கிலத்தில் பெயர்க்கக் கொடுத்தவர் அவர். நோபலும் ஆஸ்காரும் இரண்டும் பெற்ற முதல் மனிதர். பட்டம் கிடைத்தது, பூக்காரியின் முடிவு கிடைக்கவில்லை.

பிறகு மேஜர் பார்பரா 1941இல் படமாக வந்தது. இலண்டன்மீது குண்டுமழை பொழிந்த நாட்களிலே எடுத்த படம். 1945இல் சீசரும் கிளியோபாட்ராவும் வந்தது, பணத்தைக் கொட்டிப் பாஸ்கல் எடுத்தார், நட்டத்திலே முடிந்தது. பிரம்மாண்டம் பெருகப் பெருகப் பேச்சின் கூர்மை மறைந்துபோயிற்று.

ஷா குறையில்லாத மனிதரா? இல்லை. சர்வாதிகாரிகளைப் புகழ்ந்தார். முசோலினியிடமும் ஸ்டாலினிடமும் அவர் கண்ட சிறப்பு, அடிபட்ட மக்களின் கண்ணுக்குத் தெரியாத சிறப்பு. அறிவாளியும் தவறுவான் என்பதற்கு அவரே சான்று. ஆனால் எளியவரின் மானம் என்று வருகிற இடத்திலே, அவர் எழுதுகோல் வளைந்ததில்லை.

1950ஆம் ஆண்டு, நவம்பர் 2ஆம் நாள், ஆயட் செயின்ட் லாரன்ஸ் என்ற சிற்றூரிலே, தோட்டத்தில் விழுந்து அடிபட்டதன் தொடர்ச்சியாக, 94ஆம் வயதிலே மறைந்தார். உயிரோடிருந்த வரையிலே பிக்மாலியனைப் பாட்டு நாடகமாக்க அவர் இணங்கவில்லை. மறைந்த பிறகு 1956இல் அது மை ஃபேர் லேடி என்ற பாட்டு நாடகமாயிற்று. 1964இல் வண்ணப்படமாகி எட்டு ஆஸ்கார் பரிசுகளைக் குவித்தது. அதிலேயும் பூக்காரி திரும்பி வந்தாள். அதிலேயும் செருப்புதான் கேட்கப்பட்டது!

ஆனாலும் பாருங்கள், அந்தப் பணமெல்லாம் எங்கே போயிற்று? ஷா எழுதிவைத்த உயிலின்படி, அவருடைய நூல்களின் வருவாய் மூன்று இடங்களுக்குப் பங்காயிற்று. காசில்லாத வாலிபத்திலே இடம் தந்த பிரிட்டிஷ் மியூசியம் ஒன்று. சிறுவனாகச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்த அயர்லாந்து ஓவியக்கூடம் மற்றொன்று. நடிப்புக் கற்பிக்கும் இலண்டன் கலைக்கழகம் மூன்றாவது. முடிவைத் திருடியவர்கள் ஈட்டிய பொருளிலிருந்தும், ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்குப் பங்கு வாங்கிவிட்டார் கிழவர்!

2020ஆம் ஆண்டு முடிவோடு பிரிட்டனில் அவருடைய எழுத்துகளின் உரிமைக்காலம் முடிந்துவிட்டது. இனி யாரும் கேட்காமலே படமெடுக்கலாம், எப்படி வேண்டுமானாலும் முடிக்கலாம். காவலிருக்கப் பெர்னாட்ஷா இல்லை. காவல் இனிப் பார்க்கிறவர்களுடையது. பெஞ்சிலே அமர்ந்து பார்க்கிற உழைப்பாளித் தோழனே, உன்னுடையது. திரையிலே பூக்காரி திரும்பி வந்து குனிந்து நிற்கும்போது, கைதட்டுமுன் ஒரு கணம் எண்ணிப் பார். பெர்னாட்ஷாவின் எலைசா அங்கே இல்லை. அவள் எங்கோ ஒரு தெருவிலே, தன் பூக்கடையின் கதவைத் தன் கையாலே திறந்துகொண்டிருக்கிறாள்.