சிப்பிக்குள் ஒரு கடிகாரம்
ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் (1881 – 1960)



வாட்ச் என்றதும் நமக்கெல்லாம் உள்ளே ஓடுகிற பல்சக்கரங்கள்தான் ஞாபகத்துக்கு வரும். வெளியே இருக்கிற கூட்டை, அதாங்க 'கேஸை', யாரும் பெரிசா நினைக்கிறதில்லை. ஐப்பசி மழையில் வடபழனி ஆற்காடு சாலையில் முழங்கால் தண்ணீரில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, கையைத் திருப்பிப் பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருக்கும். மெஷின் நல்ல மெஷின்தான். கூடு கைவிட்டுவிட்டது! இந்தக் கூட்டையே தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டு உலகப்புகழ் அடைந்த ஒருவரின் கதைதான் இது.

தாய் தந்தை இல்லாத பிள்ளை

ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் 1881 மார்ச் 22 அன்று ஜெர்மனியின் பவேரியாவில் குல்ம்பாக் என்ற ஊரில் பிறந்தார். குடும்பத்துக்கு இரும்புச் சாமான் வியாபாரம். 12 வயதுக்குள் தாயும் போய்விட்டார், தந்தையும் போய்விட்டார். மாமன்மார் வியாபாரத்தை விற்று, பணத்தைப் பிள்ளைகள் பெயரில் போட்டு, பையனை விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். கணக்கும் மொழிகளும் அவருக்கு நன்றாக வந்தன. அந்த ஆங்கிலம்தான் பிற்பாடு சோறு போட்டது.

1900-இல் சுவிட்சர்லாந்தில் கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லா ஷோ-தெ-ஃபோன் நகருக்கு வந்தார். ஒரு கடிகார ஏற்றுமதிக் கம்பெனியில் ஆங்கிலக் கடிதம் எழுதும் குமாஸ்தா வேலை. மாதச் சம்பளம் 80 ஃபிராங்க். கடிதம் எழுதுவதோடு, தினமும் நூற்றுக்கணக்கான கடிகாரங்களுக்குச் சாவி கொடுத்து, சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக் குறிக்கவும் வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் எந்தக் கடிகாரம் எப்படிப் பிசகும் என்பதை அந்த மேஜையில்தான் கற்றுக்கொண்டார்.

கையில் கட்டுவதா, சேச்சே!

1903-இல் லண்டன் போனார். 1905-இல் தன் மைத்துனர் ஆல்ஃப்ரெட் டேவிஸுடன் கூட்டுச் சேர்ந்து, ஹாட்டன் கார்டன் தெருவில் வில்ஸ்டார்ஃப் அண்ட் டேவிஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அப்போது ஆண்பிள்ளை என்றால் சட்டைப்பையில் சங்கிலி போட்ட கடிகாரம்தான். கையில் கட்டுவது பெண்களின் நகை! தவிர, அவ்வளவு சின்ன மெஷின் துல்லியமாக ஓடாது, தூசியும் வியர்வையும் அதைக் கெடுத்துவிடும் என்று தொழில் தெரிந்தவர்களே சொல்லிவந்தார்கள்.

வில்ஸ்டார்ஃப் வாதம் பண்ணவில்லை. பீல் நகரத்து ஏக்ளர் பட்டறையிலிருந்து நல்ல சின்ன மெஷின்களை வாங்கினார். 1908-இல் ரோலெக்ஸ் என்ற பெயரைப் பதிவு செய்தார். ஐந்தே எழுத்து, எந்த நாட்டுக்காரன் வாயிலும் நுழையும், டயலிலும் இடம் அடைக்காது. 1910-இல் சுவிட்சர்லாந்துச் சோதனையில் நற்சான்றிதழ் கிடைத்தது. பிறகு இங்கிலாந்தின் கியூ வானாய்வுக்கூடத்துக்கு ஒரு கைக்கடிகாரத்தை அனுப்பினார். கப்பல் கடிகாரங்களைச் சோதிக்கிற இடம் அது. ஐந்து நிலைகளில், மூன்று வெப்பநிலைகளில், 45 நாள் சோதனை. 1914 ஜூலை 15 அன்று 'ஏ' வகுப்புச் சான்றிதழ் வந்தது. கைக்கடிகாரம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் தடவை.

அடுத்த சில வாரங்களில் முதல் உலகப்போர். பதுங்குகுழியில் இருக்கிறவன் பையில் கைவிட்டு மணி பார்க்க முடியுமா? சிப்பாய்கள் கையில் கட்ட ஆரம்பித்தார்கள், கேலி நின்றது. ஆனால் 1915-இல் பிரிட்டன் கடிகார இறக்குமதிக்கு மூன்றில் ஒரு பங்கு வரி போட்டது. போர் முடிந்ததும் கம்பெனி ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்தது.

மூன்று ஓட்டைகள்

துல்லியம் நிரூபணம் ஆகிவிட்டது. தண்ணீரும் தூசியும் பாக்கி. நம்ம பாஷையில் சொன்னால், ஒரு வாட்ச் கேஸில் மூன்று ஓட்டைகள். கண்ணாடி உட்காரும் முன்பக்கம், பின்மூடி, சாவி நுழையும் பக்கவாட்டுத் துளை. முதலில் கடிகாரத்தை இன்னொரு டப்பாவுக்குள் போட்டு மூடிப் பார்த்தார்கள். ஆனால் சாவி கொடுக்கத் தினமும் வெளி டப்பாவைத் திறக்க வேண்டும். மரை தேய்ந்தது, ஆட்களும் சலித்தார்கள்.

1926-இல் வந்தது ஆய்ஸ்டர், அதாவது சிப்பி. நடுவளையத்தின் முன்னும் பின்னும் மரை வெட்டி, கண்ணாடி வளையத்தையும் பின்மூடியையும் திருகி இறுக்கினார்கள். ரோலெக்ஸ் கடிகாரத்தின் முகப்பில் இன்றும் தெரியும் அந்த வரிவரியான வளையம் அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல, டூல் பிடித்துத் திருகுவதற்காக வெட்டிய பிடி! சாவித்தலையும் ஒரு குழாய் மீது மரையோடு இறங்கி உட்கார்ந்தது.

லேத்தில் வேலை பார்த்த நமக்கு இதன் கஷ்டம் புரியும். மெல்லிய வளையம், சக்கில் கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலே கோணிவிடும். ஒருபக்கம் மரை வெட்டித் திருப்பிப் பிடித்தால் அச்சு விலகும். இரண்டு மரையும் ஒரே அச்சில் இல்லையென்றால் மூடி ஒருபக்கம் உட்காரும், மறுபக்கம் தண்ணீர் குடிக்கும்.

நீந்திய கடிகாரம்

1927 அக்டோபர் 7 அன்று மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். அதே நேரத்தில் வேறொருவர் செய்த பொய்ச் சாதனையால் இவர் மேலும் சந்தேகம் எழுந்தது. அக்டோபர் 21 அன்று மறுபடி நீந்தப் போனார். வில்ஸ்டார்ஃப் அவருக்கு ஒரு ஆய்ஸ்டரைக் கொடுத்தார். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, உடம்பு விறைக்கும் குளிரில் 10 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். கரை சேர முடியவில்லை, படகில் தூக்கிவிட்டார்கள். கடிகாரம் மட்டும் சரியாக ஓடிக்கொண்டிருந்தது. நவம்பர் 24 அன்று டெய்லி மெயில் பத்திரிகையின் முதல் பக்கம் முழுக்க ரோலெக்ஸ் விளம்பரம். கடைகளின் முகப்பில் மீன் தொட்டி, உள்ளே மீனோடு ஓடும் கடிகாரம்!

இன்னும் ஒரு குறை பாக்கி. சாவி கொடுக்கத் தினமும் திருகைக் கழற்ற வேண்டும், ஒருநாள் இறுக்க மறந்தால் போச்சு. ஆகவே 1931-இல் கை அசைவில் சுற்றும் ரோட்டர் மூலம் தானே சாவி ஏறும் மெஷினைக் கொண்டுவந்தார்கள். கூட்டைக் காப்பாற்றவே உள்மெஷினை மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்.

யார் பெயர் நின்றது?

இங்கே ஒரு விஷயத்தை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். வில்ஸ்டார்ஃப் லேத் பிடித்தவர் இல்லை. திருகு சாவிக்கான காப்புரிமை பெரெகோ, பெரே என்ற இரண்டு சுவிட்சர்லாந்துக்காரர்களுடையது, இவர் விலைக்கு வாங்கியது. தானே சாவி ஏறும் கைக்கடிகாரத்துக்கு ஜான் ஹார்வுட் என்ற ஆங்கிலேயர் முன்பே காப்புரிமை பெற்றிருந்தார். ரோலெக்ஸின் ரோட்டரை உருவாக்கியவர் ஏக்ளர் பட்டறையின் எமில் போரர். உலகம் யாரை ஞாபகம் வைத்திருக்கிறது? ரோலெக்ஸை மட்டும்தான்.

நாளைக்கு டிப்ளமோ முடித்து ஷாப் ஃப்ளோரில் நிற்கப் போகிற நாம், அநேகமாகப் பெரெகோ, பெரே வரிசையில்தான் நிற்போம். இதில் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனாலும் வில்ஸ்டார்ஃபுக்கு உரியதை மறுக்கக் கூடாது. தனித்தனியாகக் கிடந்த திறமைகளைச் சேர்த்து, குறை எங்கே என்று பிடித்து, ஊர் முன்னால் சோதித்துக் காட்டியது அவர்தான். சோதிக்காத சரக்கை அவர் பேச்சால் மட்டும் விற்கவில்லை.

மனிதராகவும் அவர் சிறியவர் இல்லை. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் முகாம்களில் கைதான பிரிட்டிஷ் வீரர்கள், பிடுங்கப்பட்ட கடிகாரத்துக்குப் பதில் புதிது கேட்டு எழுதினார்கள். பணம் போர் முடிந்த பிறகு போதும் என்று அனுப்பிவைத்தார், தானே ஜெர்மனியில் பிறந்தவர்! 1944-இல் மனைவி ஃப்ளோரன்ஸ் இறந்தார். பிள்ளைகள் இல்லை. 1945-இல் ஓர் அறக்கட்டளை ஏற்படுத்தினார். 1960 ஜூலை 6 அன்று அவர் ஜெனீவாவில் மறைந்தபின் கம்பெனியே அந்த அறக்கட்டளையின் சொத்தானது.

நம்ம கையில்

நம்ம நாட்டிலும் இந்தத் தொழில் வளர்ந்தது. 1961-இல் பெங்களூரில் எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிஸன் உதவியோடு கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. அந்தக் கடிகாரப் பிரிவு 2016-இல் மூடப்பட்டுவிட்டது. டாடாவும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன், நம்ம ஓசூரிலிருந்து இன்றும் கடிகாரம் செய்கிறது.

இன்று ஒரு மேஜைமேல் அடங்குகிற சி.என்.சி. ரூட்டரிலேயே ஒரு வாட்ச் கேஸ் வெட்டிப் பார்க்கலாம். என்.எச்.35 என்ற ஜப்பான் மெஷினின் விட்டம் 27.4 மி.மீ., தடிமன் 5.32 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம், ரூட்டரின் சட்டம் அந்த விசையைத் தாங்காது, கட்டர் அதிரும். அலுமினியமோ பித்தளையோ எடுத்து, ஒற்றை வெட்டுமுனை கட்டரால் மெல்லிசு மெல்லிசாகச் சீவ வேண்டும். பின்பக்கத்துக்குத் திருப்பும்போது அச்சு விலகாமலிருக்க இரண்டு டவல் பின். நுண்ணிய மரைக்குப் பதில் நாலு சின்ன ஸ்க்ரூவும் ரப்பர் வளையமும் போதும். வளையத்துக்கான பள்ளம் ஆழம் கூடினால் ரப்பர் நசுங்காது, நசுங்காவிட்டால் தண்ணீர் நிற்காது. சாவித் துளையின் உயரம் தவறினால் மொத்த வேலையும் வீண்.

முடித்த கேஸை மெஷின் வைக்காமல் ஒரு டம்ளர் தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டுவையுங்கள். காலையில் திறந்து பாருங்கள். உள்ளே ஒரு சொட்டு இருந்தால் மறுபடி வெட்டுங்கள். கால்வாய்த் தண்ணீரில் வில்ஸ்டார்ஃப் செய்ததும் இதே சோதனைதான். நம்ம பெயர் டயலில் வராமல் போகலாம் நண்பர்களே, நாம் வெட்டிய கூட்டுக்குள் தண்ணீர் மட்டும் வரக்கூடாது!