கிரகணத்தில் சுட்ட கண்... லேசர் சிகிச்சைக்கு வழி திறந்த ஜெர்மன் டாக்டர்! யார் இந்த மேயர்-ஷ்விக்கெராத்?

சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சூரிய ஒளி, கண்ணின் உள்ளே இருக்கும் விழித்திரையைச் சுட்டுவிடும். ஆனால் அப்படிச் சுட்டுக்கொண்ட ஒரு கண்தான், இன்று சுகர் நோயாளிகளின் பார்வையைக் காக்கும் லேசர் சிகிச்சைக்கு முதல் படியாக அமைந்தது. அதைக் கவனித்தவர் கெர்ட் மேயர்-ஷ்விக்கெராத்.

யார் இவர்?

1920ல் ஜெர்மனியின் எல்பர்ஃபெல்டில் பிறந்தவர். 1945ல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி தோற்றுச் சரணடைந்த சமயம், ஹாம்பர்க் பல்கலைக்கழக கண் மருத்துவமனையில் இளம் டாக்டராக இருந்தார். அந்த ஜூலையில் சூரிய கிரகணம் வந்தது. அதைப் பார்த்துப் பார்வை பாதித்த மருத்துவ மாணவர் ஒருவரை அவர் பரிசோதித்தார். விழித்திரையின் நடுவே சூடு பட்ட தழும்பு!

பொதுவாக, ஐயோ பாவம் என்பதோடு அந்தக் கதை முடிந்திருக்கும். அவருக்கோ வேறொரு யோசனை வந்தது. ஒளி கண்ணுக்குள் தழும்பு போடும் என்றால், அதே தழும்பால் கிழிந்த விழித்திரையை ஒட்ட வைக்க முடியாதா?

மொட்டை மாடியில் சூரிய ஒளி

அந்தக் காலத்தில் விழித்திரையில் ஓட்டை விழுந்தால், கண்ணின் வெளிப்பக்கத்திலிருந்து சூடு வைத்துத்தான் அடைப்பார்கள். கத்தி படாமல், கண்மணி வழியாகவே ஒளியை அனுப்ப முயன்றார் மேயர்-ஷ்விக்கெராத். மருத்துவமனையின் கூரையில் கண்ணாடிகளை அமைத்து, சூரிய ஒளியையே உள்ளே இறக்கினார். 1949ல் நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது.

ஆனால் மேகம் மறைத்தால் வேலை நின்றுபோகும். அதனால் கார்பன் ஆர்க் விளக்குக்கு மாறினார். பிறகு 1950களில், ஜெய்ஸ் நிறுவனத்தின் ஹான்ஸ் லிட்மனுடன் சேர்ந்து செனான் விளக்குக் கருவியை உருவாக்கினார். அது பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

சுகருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பல வருட சுகர், விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஆக்சிஜன் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை வளரத் தூண்டும். அவை ரொம்பவே பலவீனமானவை. உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் கொட்டி, பார்வையே போகலாம்.

இதற்கும் ஒளிச்சூடு உதவும் என்று முயன்றவர்களில் மேயர்-ஷ்விக்கெராத் முன்னோடி. விழித்திரையின் ஓரப் பகுதியில் சின்னச் சின்னதாகச் சூடு வைத்தால், அங்கே ஆக்சிஜன் தேவை குறையும். புதுக் குழாய்களும் சுருங்கும். ஓரத்தைக் கொஞ்சம் இழந்து நடுப் பார்வையைக் காப்பாற்றுவதுதான் கணக்கு.

1960ல் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கினார். கண் டாக்டர்கள் சீக்கிரமே அதைக் கையில் எடுத்தார்கள். 1968ல் ஆர்கான் லேசர் வந்தது. செனான் ஒளியைவிட இதில் சூட்டின் அளவைச் சின்னதாக, துல்லியமாக வைக்க முடிந்தது.

ஆனால் பலன் உண்மைதானா? அமெரிக்காவில் 1,700க்கும் அதிகமான நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஒரு கண்ணுக்குச் சிகிச்சை, மறு கண் அப்படியே விடப்பட்டது. 1976ல் முடிவு வந்தது. கடுமையான பார்வை இழப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது! அந்தச் சோதனையில் லேசரோடு செனான் கருவியும் இடம்பெற்றிருந்தது.

இதையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான், எஸ்ஸன் நகரில் பல ஆண்டுகள் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்த மேயர்-ஷ்விக்கெராத், 1992ல் 71 வயதில் காலமானார்.

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது

இன்று கண்ணுக்குள் போடும் ஊசி மருந்துகளும் வந்துவிட்டன. ஆனாலும் லேசர் ஓரங்கட்டப்படவில்லை. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. லேசர் பெரும்பாலும் இருக்கும் பார்வையைக் காக்கும், போன பார்வையைத் திருப்பித் தராது. இரவுப் பார்வையும் பக்கப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். இந்த நோய் ஆரம்பத்தில் வலிக்காது, பார்வையும் நன்றாகவே இருக்கும். அதனால் சுகர் இருப்பவர்கள், கண் நல்லாத்தானே தெரியுது என்று விட்டுவிடாமல், வருஷத்துக்கு ஒரு முறையாவது விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம்.