ஜான் ஸ்னோ

இங்கிலாந்தின் யார்க் நகரில், எளிய தொழிலாளி ஒருவரின் மகனாக 1813ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் ஸ்னோ. 14 வயதில் மருத்துவர் ஒருவரிடம் பயிற்சி மாணவராகச் சேர்ந்தார். 18 வயதில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களைக் காலரா வாட்டியதை நேரில் கண்டார்.

கெட்ட காற்றே காலராவைப் பரப்புகிறது என அக்கால மருத்துவர் பலர் நம்பினர். அசுத்த நீரே காரணம் என 1849இல் ஸ்னோ எழுதினார். பலர் அதனை ஏற்கவில்லை.

1854 ஆகஸ்டு இறுதியில் இலண்டனின் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியது. பத்து நாள்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் எந்நீரைக் குடித்தனர் என ஸ்னோ வீடு வீடாகக் கேட்டறிந்தார். பெரும்பாலோர் அத்தெருவின் கைப்பம்பு நீரைக் குடித்தவர்கள். அந்நீரைப் பருகாத மதுபான ஆலைத் தொழிலாளர்களுள் ஒருவரும் இறக்கவில்லை. இச்சான்றுகளைக் கேட்ட வட்டார நிருவாகத்தினர், செப்டம்பர் 8 அன்று பம்பின் கைப்பிடியை அகற்றினர்.

அப்பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்னோவின் கருத்து தவறென்று காட்டவே தாமும் விசாரித்தார். அத்தெரு மக்களை நன்கறிந்த அவரிடம், உறவினரை இழந்தோர் மனந்திறந்து பேசினர். நோயுற்ற குழந்தையின் துணிகளை அலசிய நீர் கிணற்றருகே இருந்த கழிவுக்குழியில் ஊற்றப்பட்டது தெரியவந்தது. குழியைத் தோண்டியபோது, கழிவு கிணற்றுக்குள் கசிந்திருந்தது உறுதியாயிற்று. மறுக்க வந்தவரே ஸ்னோவின் துணைவரானார்.

1858இல், தம் கருத்து பரவலாக ஏற்கப்படுமுன்னரே, 45 வயதில் ஸ்னோ மறைந்தார். இன்று நோய்ப்பரவலியலின் முன்னோடியாகப் போற்றப்படுகிறார். மருத்துவரின் ஆய்வும் மக்களின் சொல்லும் இணைந்தபோதே அந்நோயின் வழி புலப்பட்டது.